அந்தரங்கத்தில் ஒரு வாக்கு

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஒரு சட்டப்பிரிவை உரக்கப் படிக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 128. வாக்கின் இரகசியத்தைக் காக்க வேண்டும், மீறினால் மூன்று மாதம் வரை சிறை என்று சொல்கிற பிரிவு. ஆசிரியையாக இருந்த காலத்தில் ஏழு தேர்தல்களில் அதைப் படித்திருக்கிறேன். விடிய விடியத் தூங்காத கண்ணோடு பூத் ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை. நானும் ஒப்புவிப்பது போலத்தான் படித்தேன், செங்கல்பட்டுப் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஒரு பாட்டியைப் பார்க்கும் வரை.

விரலில் மை வைத்த பிறகும் அவர் மறைப்புப் பக்கம் நகரவில்லை. என் மேசைக்கு வந்து குனிந்து கேட்டார். "டீச்சரம்மா, நான் எதுல அமுக்குறேன்னு வெளிய ஒக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதில்ல?"

"தெரியாது பாட்டி. எனக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியுமில்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. என் அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். 'மறைச்சுச் செய்யற எதுவும் நல்ல காரியம் இல்ல' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவள் நான். அப்படியானால் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் மனசாட்சியைப் பதிவுசெய்கிற செயலை என்னவென்று சொல்வது? அது விசுவாசமா, பயமா? கடவுளுக்கு முன்னால் இரகசிய வாக்குக்கு என்ன மதிப்பு?

இதற்கு விடை தேடிப் போன இடம் எனக்கே எதிர்பாராதது. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில், 1890 பிப்ரவரியில் நடந்த ஒரு கவுண்டி கவுன்சில் தேர்தல். என் மகள் இன்வர்னஸில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். இரண்டு கோடைகள் அவளோடு இருந்தேன். எங்கள் சபையின் வேர் அந்த நாட்டில் இருக்கிறது என்பதால் அங்குள்ள நூலகத்தில் மிஷனரிகளைப் பற்றித்தான் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போனதில் மிஷனரிகள் பின்னால் போய்விட்டார்கள், விவசாயிகள் முன்னால் வந்து நின்றார்கள்.

அவர்களை அறிமுகப்படுத்த நம் ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார். சென்னையில் கூவம் கடலில் சேருகிற இடத்தில் உள்ள நேப்பியர் பாலத்தைத் தாண்டாதவர்கள் குறைவு. அந்தப் பெயருக்குரிய பிரபு நேப்பியர், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். ஊர் திரும்பிப் பத்து வருடம் கழித்து, ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சிறு குத்தகைக்காரர்களின் நிலையை விசாரிக்கிற அரச ஆணையத்துக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். அந்தக் குத்தகைக்காரர்களுக்குக் குரோஃப்டர்கள் என்று பெயர். நாலைந்து ஏக்கர் கல் நிலம், ஒரு கல் வீடு, பொதுவில் மேய்க்க ஒரு மலைச்சரிவு. நிலம் பிரபுவுடையது. பிரபு லண்டனில் இருப்பார். அவருக்குப் பதிலாக ஊரை ஆள்கிறவர் ஃபாக்டர், நம் ஜமீன்களில் காரியஸ்தர் என்பார்களே, அவர். குத்தகை வருடத்துக்கு வருடம்தான். வருட முடிவில் வெளியேறு என்று சொல்ல அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆணையத்தின் முதல் அமர்வு 1883 மே 8 அன்று, ஸ்கை தீவில் பிரேஸ் என்ற இடத்தில். அதற்கு முந்தைய வருடம்தான் அங்கே கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசாரும் ஊர்ப் பெண்களும் ஆண்களும் மோதியிருந்தார்கள். முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற குரோஃப்டர். கேலிக் மொழியில் பேசினார். தன் குறைகளைச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்டது ஒன்றுதான்: உண்மையைச் சொன்னால் என்னை நிலத்தை விட்டு வெளியேற்ற மாட்டார்கள் என்று உறுதி தர முடியுமா? ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. ராணியின் பெயரால் வந்திருந்த, ஒரு மாகாணத்தையே ஆண்ட பிரபுவால் அந்த எளிய மனிதருக்கு ஒரு வாக்குறுதி தர முடியவில்லை. அறையில் இருந்த காரியஸ்தரிடமிருந்து உறுதி வந்த பிறகே சாட்சி தொடர்ந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். பாட்டியின் குரல் அப்படியே கேட்டது. வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாதில்ல?

அதற்குப் பின் வந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1884 சீர்திருத்தத்தில் குரோஃப்டர்களுக்கும் நாடாளுமன்ற வாக்கு கிடைத்தது. 1886இல் வந்த குரோஃப்டர் சட்டம், வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவனை வெளியேற்ற முடியாது என்றது. நியாய வாடகையை நிர்ணயிக்க ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 1889இல் ஸ்காட்லாந்து உள்ளாட்சிச் சட்டம். அதுவரை கவுண்டிகளை நடத்தியவர்கள் 'சப்ளை கமிஷனர்கள்' எனப்பட்ட நில உடைமையாளர்கள். 1667இல் நிலவரி வசூலிக்க ஏற்பட்ட அமைப்பு அது. இருநூற்றுச் சொச்சம் வருடம் அதில் உட்கார ஒரே தகுதி, குறிப்பிட்ட மதிப்புள்ள நிலம் வைத்திருப்பது. புதிய சட்டம் அவர்கள் வேலையில் பெரும்பகுதியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்களுக்கு மாற்றியது. சாலை, சுகாதாரம், கவுண்டிக்கென ஒரு மருத்துவ அதிகாரி, ஒரு சுகாதார ஆய்வாளர். போலீசையும் பெரிய செலவுகளையும் மட்டும் பாதி கமிஷனர்களும் பாதி கவுன்சிலர்களும் சேர்ந்த கூட்டுக்குழுவிடம் விட்டார்கள். பழைய சாவியை முழுதாகக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லாத பெண்களுக்கு, தம் பெயரில் வீடோ நிலமோ உள்ள விதவைகளுக்கும் மணமாகாதவர்களுக்கும், இந்தத் தேர்தலில் வாக்கு இருந்தது. நிற்க முடியாது, போடலாம். கணவன் கடலில் போன பின் குரோஃப்டைத் தன் பெயரில் நடத்திய விதவைகள் அந்தக் கரைகளில் நிறைய. அவர்களில் ஒருத்தியை நான் மனத்தில் வரைந்து பார்க்கிறேன். பிப்ரவரி மாதம், வடக்கே பகல் சீக்கிரம் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. உள்ளே ஒரு மேசை, ஒரு தடுப்பு, கயிற்றில் கட்டிய பென்சில். பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. தாளை மடித்து, பின்பக்கத்து முத்திரையை அதிகாரியிடம் காட்டி, பெட்டியில் போட வேண்டும். அவள் பிள்ளைப் பிராயத்தில் ஊரே எழுந்து நின்று வணக்கம் சொன்ன காரியஸ்தரின் பெயர் அந்தத் தாளில் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்த மீன்பிடிகாரரின் பெயரும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே அளவு எழுத்தில்.

அந்தத் தேர்தலில் குரோஃப்டர்களின் அமைப்பான மலைநாட்டு நிலச் சங்கத்தார் நிறுத்திய ஆட்கள் பல இடங்களில் வென்றார்கள். பிரபுக்களின் ஆட்கள் பலர் தோற்றார்கள். 'பிரபுவை விட ஊர்ச்சனம் வலியது' என்பது அந்தச் சங்கத்தின் கேலிக் பழமொழி. ஊர்ச்சனம் தன் வலிமையைக் காட்டியது ஊர்வலத்தில் மட்டும் அல்ல, அந்தத் தடுப்புக்குப் பின்னாலும்தான்.

இங்கேதான் எனக்கு முடிச்சு விழுந்தது. இவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலோர் ஃப்ரீ சர்ச்சைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபை பிறந்ததே வெளிப்படையான சாட்சியால். பிரபு நியமிக்கிற போதகரைச் சபை ஏற்றே ஆக வேண்டுமா, வேண்டாம் என்று சொல்லும் உரிமை சபைக்கு உண்டா என்ற வழக்குத்தான் அதன் தொடக்கம். மார்னக் என்ற ஊரில் திணிக்கப்பட்ட போதகருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டவர் ஒரே ஒருவர், சத்திரக்காரர். குடும்பத் தலைவர்கள் 300 பேரில் 261 பேர் எதிர்த்தார்கள். நீதிமன்றம் அந்த ஒரு கையெழுத்தின் பக்கம் நின்றது. 1841 ஜனவரியில் அவரை அபிஷேகம் செய்ய வந்த நாளில் சபையார் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் தகப்பன்மார் உட்கார்ந்த பெஞ்சுகளை விட்டு எழுந்து, பனிக்குள் நடந்து போனார்கள். ஒருவரும் முகத்தை மறைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1843 மே 18 அன்று எடின்பரோவில் பெரிய பிளவு. மொத்தம் 474 போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் உதறிவிட்டு வெளியேறினார்கள். சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சனும் அவரோடு இருந்தவர்களும் அந்தப் பக்கமே சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்துதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளர்ந்தது. அந்த மிஷனின் கிளையில்தான் என் பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றார். போதகர்கள் கையெழுத்திட்ட காட்சியை டேவிட் ஆக்டேவியஸ் ஹில் பெரிய ஓவியமாகத் தீட்டினார். 457 முகங்கள். பலரைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைந்து, 1866இல் முடித்தார். இன்னார் சாட்சி சொன்னார் என்று பிற்காலம் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே வரைந்த படம் அது.

பிரபுக்கள் சும்மா இருக்கவில்லை. ஃப்ரீ சர்ச்சுக்குக் கோயில் கட்ட இடம் தர மறுத்தார்கள். ஸ்ட்ரோன்ஷியனில் சபையார் 1846இல் இரும்பால் ஒரு மிதக்கும் கோயிலைக் கட்டிக் கடற்கழியில் நங்கூரமிட்டார்கள். நூறு பேர் ஏறினால் ஓர் அங்குலம் தாழும் என்பார்கள். கரையிலிருந்தே, தண்ணீர்க் கோட்டைப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு கூட்டம் என்று சொல்லிவிடலாமாம்.

இப்படி ஊரறிய, கடலறிய நின்ற மக்களின் பிள்ளைகள் 1890இல் தடுப்புக்குப் பின்னால் போனார்கள். தாத்தாக்களின் தைரியம் பேரப்பிள்ளைகளிடம் இல்லையா?

கேட்பது எளிது. எனக்கு அந்த உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும்.

1979. நான் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் சபையில் செயலர் தேர்தல், ஆராதனை முடிந்ததும். இருவர் போட்டி. ஒருவர் பள்ளித் தாளாளர் நிறுத்திய ஆள். மற்றவர் வயதான கம்பவுண்டர். கோயில் கட்டட நிதிக்குக் கணக்குக் கேட்டார் என்பதுதான் அவர்மேல் இருந்த குற்றம். கை தூக்கச் சொன்னார்கள். தாளாளர் முதல் வரிசையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் யாருக்குக் கை தூக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சின்ன வயதில் எனக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் சைக்கிளில் வந்து மருந்து கொடுத்து, ஒரு பைசா வாங்காமல் போனவர் அந்தக் கம்பவுண்டர். ஆனால் தாளாளரின் ஆளுடைய பெயரைச் சொன்னதும் என் கை மேலே போனது. வளையல் முழங்கை வரை சரிந்து இறங்கிய சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. கம்பவுண்டருக்குப் பதினொரு கைகள். அடுத்த ஜூனில் என் வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகும் அவர் என்னைப் பார்த்தால் "ஸ்தோத்திரம்மா" என்று முன்போலத்தான் சொன்னார்.

ஜான் ஸ்டூவர்ட் மில் பெரிய சிந்தனையாளர். இரகசிய வாக்கை அவர் எதிர்த்தார். 1861இல் எழுதிய பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில் அவர் வைக்கிற வாதம் எளிதில் தள்ளத் தக்கதில்லை. வாக்கு ஒருவனுடைய சொத்து அன்று, அது பொறுப்பு; பிறருடைய வாழ்வின்மேல் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரம்; ஆகவே அதை அவன் பிறர் பார்க்கச் செலுத்தி, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்கிறார். மறைவில் மனிதன் தன்னலத்துக்கும் பகைக்கும் வாக்களிப்பான், வெளிச்சத்தில் வெட்கப்படுவான். ஒரு காலத்தில் பிரபுக்களின் மிரட்டல் பெரிய கேடாக இருந்தது, அப்போது இரகசியம் தேவைப்பட்டிருக்கலாம், இப்போது அந்த ஆபத்துக் குறைந்துவிட்டது என்றும் சொல்கிறார்.

என் அப்பா மில்லைப் படித்தவரில்லை. படித்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆனால் 'பிறர் பார்க்க' என்கிறாரே, அந்தப் பிறர் யார்? மலைநாட்டின் சதர்லாந்து கவுண்டியில் மிகப் பெரும்பகுதி அப்போது ஒரே கோமகனுக்குச் சொந்தம். அங்கே பார்க்கிற கண் ஊர்க் கண் அன்று, காரியஸ்தரின் கண். எங்கள் சபையிலும் நூற்றைம்பது பேர் இருந்தோம், பார்த்தது ஒருவர்தான். ஆபத்துக் குறைந்துவிட்டது என்று மில் எழுதி இருபத்திரண்டு வருடம் கழித்துத்தான் ஆங்கஸ் ஸ்டூவர்ட் அந்த உறுதியைக் கேட்டார். மேசையிலிருந்து எழுதுகிறவர்களுக்கு மலைநாடு தூரம்.

அடுத்தது கிரயம். 474 போதகர்கள் கொடுத்த விலை பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அவர்களைத் தாங்க ஒரு பொது நிதியை அவர்களின் தலைவரான டாக்டர் சால்மர்ஸ் முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருந்தார். பணக்காரச் சபையின் காணிக்கை ஏழைச் சபையின் போதகருக்கும் போய்ச் சேர்ந்தது. குரோஃப்டருக்கு அப்படி யார் இருந்தார்கள்? அவன் கை தூக்கினால் வீதிக்கு வருவது அவன் மட்டுமல்ல, படுக்கையில் கிடக்கிற தாயும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையும். இரத்தசாட்சியாவது ஒருவன் தானாக முன்வந்து செய்கிற காணிக்கை. அதைத் தலைவரி போல ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்க எந்தச் சட்டத்துக்கும் உரிமை இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு ஏழையும் இரத்தசாட்சியாக வேண்டும் என்று கேட்கிற நேர்மை, வசதியுள்ளவர்களின் நேர்மை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் இதோடு கேள்வி தீர்ந்துவிடவில்லை. இவ்வளவும் இரகசியம் ஏன் தேவை என்பதற்குத்தான் பதில். அது புனிதமா என்பதற்குப் பதில் இல்லை.

அந்த மக்களின் வேதசாத்திரத்துக்குள் போய்ப் பார்த்தேன். 'எலெக்ஷன்' என்ற சொல்லுக்கு அவர்களிடம் முதல் பொருள் வேறு. யார் இரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் உலகத் தோற்றத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற தெரிந்தெடுப்பு உபதேசம். தெரிந்தெடுக்கப்பட மனிதன் தன் தகுதியால் ஒன்றும் செய்ய முடியாது. நம் நாட்டில் விதி, ஊழ் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று கைக்குச் சிக்குகிற மாதிரித் தோன்றும். அப்படித்தான் சிலர் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். சதர்லாந்தில் மக்களை ஆடுகளுக்காக வெளியேற்றிய காலத்தில், இது உங்கள் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று போதித்த போதகர்கள் இருந்தார்கள்.

மகளோடு கிரோய்க் கோயிலுக்குப் போனேன். ஆர்ட்கேயிலிருந்து பத்து மைல், ஒரு கார் மட்டும் போகிற பாதை. 1845 மே மாதம் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தில், கம்பளிகளையும் கித்தானையும் கட்டிக் குழந்தைகளோடு தங்கியிருந்தன. கோயிலுக்குள் போகவில்லை. கிழக்கு ஜன்னலின் கண்ணாடியில், வெளிப்பக்கமாகக் கீறி எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி சாய்சதுரத் துண்டுகளாக இருக்கிறது. எழுத்து சிறியது, கோணல் இல்லாதது. பேசியது கேலிக், எழுதியது ஆங்கிலம். கிளென்கால்வி மக்கள் இங்கே இருந்தார்கள் என்று ஒன்று. தேதியோடு இன்னொன்று. தங்களைத் தாங்களே பொல்லாத சந்ததி என்று எழுதிய வரி ஒன்று. கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்தால்தான் படிக்க முடியும். என் மூச்சுப்பட்டு அந்த வரி ஒரு கணம் மங்கி, மறுபடியும் வந்தது.

பிரபு அவர்களைத் துரத்தினான், அவர்கள் தங்களைக் குற்றவாளிகள் என்று எழுதிவைத்தார்கள். அதே உபதேசத்தில் வளர்ந்த அடுத்த தலைமுறை நாற்பத்தைந்து வருடத்தில் வாக்குப் பெட்டிக்கு வந்தது எப்படி? நில உரிமை மட்டுமே காரணம் என்று சரித்திரக்காரர் சொல்லலாம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. அந்த உபதேசத்துக்கு இன்னொரு முகம் உண்டு. கடவுளின் தெரிந்தெடுப்பு இரகசியம். கோமகனாலும் அதைப் படிக்க முடியாது, போதகராலும் முடியாது. நிலமும் பட்டமும் அதற்கு அடையாளம் ஆகா.

மலைநாட்டுத் திருவிருந்துக் காலத்தைப் பற்றிப் படித்தால் இது விளங்கும். வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள். வெள்ளிக்கிழமை கேள்வி நாள். மெய்யான பக்தனின் அடையாளம் என்ன என்று ஒருவர் எழுந்து கேட்பார். பட்டம் பெறாத உழவர்களும் மீனவர்களும் ஒவ்வொருவராக எழுந்து தம் உள்ளத்தில் கண்டதைச் சொல்வார்கள். ஞாயிறு பந்திக்கு வர மூப்பரிடம் ஈயத்தில் வார்த்த சிறு டோக்கன் வாங்க வேண்டும். ஆயிரம் பேர் கூடினாலும் பந்தியில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குத் துணிவு வராது. நான் தகுதியானவனா என்று தன்னைத்தானே வருடக்கணக்காகத் துருவிப் பார்த்துக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். ஆளில்லாத இடத்தில் கடவுளோடு தனியே நிற்பது அவர்களுக்குப் பழகிய வேலை. தேர்தல் தடுப்பு அவர்களுக்குப் புதிய இடமாக இருந்திருக்காது.

அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன ஆண்டவரும், விளக்கை மரக்காலால் மூடாதே என்று சொன்ன ஆண்டவரும் ஒருவரே. இந்த இரண்டையும் அறுபது வருடம் கேட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

இப்போது நான் சொல்ல மிகவும் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன். கை தூக்கிய தேர்தலுக்கு மூன்று வருடம் கழித்து, சிலர் சண்டை போட்டு எங்கள் சபையில் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். பெயரை எழுதி மடித்துக் காணிக்கைப் பையில் போட வேண்டும். கம்பவுண்டர் அதற்குள் காலமாகிவிட்டார். இந்த முறை தாளாளருக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை. என் வேலைக்கும் ஆபத்தில்லை. நின்றவர்களில் ஒருவர் எங்கள் சொந்தக்காரர், பொறுப்புக்கு லாயக்கில்லாதவர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பென்சிலை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் பெயரையே எழுதினேன்.

மில் சொன்னது என்னில் அப்படியே பலித்தது. மறைவு என்னை நல்லவளாக்கவில்லை. ஆனால் அன்றிரவு படுக்கையில் ஒன்றை உணர்ந்தேன். முதல் தவறுக்கு நான் தாளாளரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முடிந்தது. அவர் பார்வை, என் வேலை, வீட்டுக் கஷ்டம் என்று வக்கீல் வைத்து வாதாடலாம், வாதாடியும் இருந்தேன். இரண்டாவதற்குக் கூப்பிட ஆளில்லை. அது முழுக்க முழுக்க என்னுடையது. மனிதர் கண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற கண் ஒன்றுதான். பாட்டி அதை அறிந்துதான் உள்ளே போனார். பயத்தால் மறைப்பைக் கேட்டார் என்று நான் நினைத்தது என் அவசரம். வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, பதில் சொல்ல வேண்டியவரிடம் மட்டும் பதில் சொல்லப் போனார்.

ஆகவே என் அப்பாவின் வார்த்தையை நான் இப்படித் திருத்திக்கொள்கிறேன். வலியவன் மறைத்துச் செய்வதும் எளியவன் மறைந்து செய்வதும் ஒன்றல்ல. காரியஸ்தர் மூடிய அறையில் வாடகை ஏற்றுவது இருட்டு. விதவை தடுப்புக்குள் குறி போடுவது அறைவீடு. அறைவீட்டுக்குள் போகிற எல்லோரும் நல்ல ஜெபம் செய்வதில்லை. அதற்காக யாரும் அறைவீட்டை இடித்துவிடச் சொல்வதில்லை.

அந்த நாட்டில் இரகசிய வாக்கைக் கொண்டுவந்த 1872ஆம் ஆண்டின் வாக்குச்சீட்டுச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தம் விருப்பத்தை அதிகாரியிடம் வாயால் சொல்ல வேண்டும், ஏஜெண்டுகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரகசியம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே கிடைக்காமல் போன இடம் அது. 1890இல் எத்தனை கிழவர்கள் அந்த மேசைக்கு முன் நின்று, கேட்கும்படியாகப் பெயரைச் சொன்னார்களோ. மார்னக்கில் பனிக்குள் நடந்தவர்களுக்கு அவர்கள் இளைத்தவர்கள் இல்லை. அவர்களை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை.

கிரோய்க்கிலிருந்து திரும்பும்போது எதிரே ஒரு மரலாரி வந்தது. மகள் பாதையோரம் ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்தினாள். லாரி வர நேரமானது. கோயிலில் ஏன் அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். 1979ஐப் பற்றி அவளிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவள் அப்பாவிடம்கூட. கம்பவுண்டரை அவள் பார்த்ததில்லை, அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். "அவர் பேர் என்னம்மா?" என்று கேட்டாள்.

சொன்னேன். லாரி கடந்து போகிற சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.